படையும் வீடும்

சில ஊர்களின் வரலாறு அவற்றின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் சந்தவாசலில் இறங்கி மேற்கே திரும்பினால், ஜவ்வாது மலைத்தொடரின் மடியில் படவேடு வருகிறது. ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாளுக்குப் பொங்கலிட வண்டிகட்டி வருகிறவர்கள் அதை அம்மன் தலமாகவே அறிவார்கள். ஆனால் பெயரை விரித்துப் பார்த்தால் அது படைவீடு. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் அவர்களை வென்றபின் அந்தச் சீமை முழுவதும் படைவீட்டு ராஜ்யம் என்றே வழங்கியது. பேச்சு வழக்கில் தேய்ந்து தேய்ந்து படைவீடு இன்று படவேடு ஆகியிருக்கிறது.

படைவீடு என்றால் படை தங்குமிடம். முருகனின் ஆறு தலங்களைச் சொல்லும்போதும் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறோம். ஆனால் இது இரண்டு சொற்களின் சேர்க்கை என்பதை நாம் கவனிப்பதில்லை. படை ஒன்று, வீடு ஒன்று. பெயருக்குள் உரசலின்றி இணைந்திருக்கும் இவ்விரண்டும் வாழ்க்கையில் அவ்வளவு எளிதாக இணைவதில்லை. அந்த இணையாமையைப் பற்றியே இங்கே சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம்.

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் ஊர்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்லப்படும் வீடு தெருவுக்கு ஒன்றேனும் இருக்கும். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. இந்த வீடுகளைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் இரண்டு தருணங்களில்தான். போர் நடக்கும்போது பேசுகிறோம். தேசியக்கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வரும்போது பேசுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு படைவீரனின் பணிக்காலத்தில் பரபரப்பில்லாத, செய்தியாகாத நீண்ட காலங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பயிற்சிக்காலம்.

ராணுவப் பயிற்சி என்றதும் புதிதாகச் சேர்ந்த இளைஞன் அதிகாலையில் ஓடுவதுதான் நம் கண்முன் வருகிறது. பயிற்சி அத்துடன் முடிவதில்லை. பதவி உயர்வுக்கு ஒரு பயிற்சி, புதிய கருவிக்கு ஒரு பயிற்சி, தொழில்நுட்பப் பிரிவுகளில் மாதக்கணக்கில் நீளும் படிப்பு எனப் பணிக்காலம் முழுவதும் அது தொடர்கிறது. காலாட்படைக்கு மோவ், பீரங்கிப்படைக்குத் தேவலாலி, பொறியாளர்களுக்குப் புனே, தகவல்தொடர்புப் பிரிவுக்கு ஜபல்பூர், மோவ் என்று நாடு முழுவதும் பயிற்சிப் பள்ளிகள் பரவிக் கிடக்கின்றன. நம் மாநிலத்திலேயே, நீலகிரியின் வெலிங்டனில், முப்படை அதிகாரிகளுக்கான பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. பிரிவினையில் குவெட்டாவின் பழைய கல்லூரி பாகிஸ்தானுக்குப் போனபின் இங்கே நிறுவப்பட்ட கல்லூரி இது. இதன் பயிற்சி 45 வாரம், ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு.

கணவன் இப்படி ஒரு பள்ளிக்குப் போகும்போது குடும்பம் என்ன செய்வது? உடன் போவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா, சொந்த ஊருக்குத் திரும்புவதா? கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஒரு பெண்ணின் தொழில், பிள்ளைகளின் பள்ளி, முதியவர்களின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகின்றன.

*

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் தலைவன் தலைவியைப் பிரிவதற்கான காரணங்களை அடுக்கும்போது ஓதல், பகை, தூது ஆகியவற்றை ஒன்றாகச் சொல்கிறது. கல்விக்காகப் பிரிவதும் போருக்காகப் பிரிவதும் அங்கே தனித்தனிக் காரணங்கள். அவற்றுக்கான கால எல்லைகளும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. கல்விப் பிரிவு மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. வேந்தனின் பணிக்காகப் பிரிவது ஓராண்டுக்குள் அமைய வேண்டும் என்று கற்பியல் வகுக்கிறது. இலக்கண நூலொன்று பிரிவுக்குக் காலவரம்பு விதித்திருப்பது இன்று படிக்கையிலும் வியப்பளிக்கிறது. காத்திருப்பவளுக்கு நாள் கணக்கு வேண்டும் என்பதை அந்த மரபு அறிந்திருந்தது.

அதே கற்பியல் இன்னொன்றையும் சொல்கிறது. பாசறையில் தலைவன் மனைவியோடு இருப்பதில்லை என்பது அது. காரணம் வெளிப்படையானது, பாசறை ஆபத்தின் இடம். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையில் இடையில் வாள் கட்டிய பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். நாழிகைக் கணக்கர் பொழுது சொல்கிறார்கள். மொழி தெரியாத காவலர்கள் சைகையால் பேசிக்கொள்கிறார்கள். அரசி மட்டும் அங்கே இல்லை. அவள் தொலைவில், தன் வீட்டில், கார்காலத்தின் மழையொலியைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். இருத்தலே முல்லைக்குரிய ஒழுக்கம்.

இன்றைய ராணுவப் பயிற்சியை இதில் எங்கே வைப்பது? அது ஓதலா, பகையா? படைவீரன் கற்கிறான், ஆனால் போருக்காகக் கற்கிறான். எனவே இரண்டும் கலந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் குடும்பம் உடன் வரலாமா என்று முடிவு செய்யும்போது நாம் பார்க்க வேண்டியது இடத்தின் இயல்பையேயன்றிப் படிப்பின் நோக்கத்தையன்று. மோவ் போர்க்களமன்று. தேவலாலியில் எதிரி இல்லை. பாசறைக்குரிய விதியைப் பள்ளிக்கூடத்துக்கு நீட்டுவதற்கு நியாயம் இல்லை. நம் வாதத்தின் முதல் படி இதுதான்.

இரண்டாம் படி சற்றுக் கசப்பானது. ஓதலும் தூதும் உயர்ந்தோருக்கு உரியவை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. வெலிங்டனுக்குப் போகும் அதிகாரி குடும்பத்தோடு போகிறார். அவருக்கு அங்கே குடியிருப்பு உண்டு. சில மாதப் பயிற்சிக்குப் போகும் சிப்பாயோ பொதுவாகத் தன் பெட்டியோடு தனியாகப் போகிறான். அவருடையது ஓதல் என்றும் இவனுடையது பாசறை என்றும் எங்கோ பிரிக்கப்பட்டுவிட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு பாகுபாடு தன்னை அறியாமலே இன்றைய நடைமுறைக்குள் வந்து அமர்ந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது.

*

ஆனால் உடன் போவதே நன்மை, உடன் போகாமையே தீமை என்று நாம் சொல்ல வரவில்லை. அது அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை.

உடன் போகிறவளின் நிலையை முதலில் எண்ணிப் பார்ப்போம். வெலிங்டனின் குளிரும் பசுமையும் விருந்துகளும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓராண்டு விடுமுறைபோலத் தெரியும். உள்ளேயிருப்பவளுக்கு அது இரண்டு இடமாற்றங்களுக்கு நடுவே கிடைத்த ஓர் இடைவேளை. கறுப்பு டிரங்குப் பெட்டிகளை அவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்த போஸ்டிங் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். பிள்ளை ஒரு பள்ளியில் நண்பனைப் பெறும் நேரத்தில் அடுத்த பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அவள் ஆசிரியையாகவோ வழக்கறிஞராகவோ இருந்தால் அந்த ஓராண்டு அவளுடைய தொழில் வாழ்வில் எழுதப்படாத பக்கம். ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு, கணவர் என்ன செய்கிறார் என்பதையே பதிலாகச் சொல்லப் பழகிக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்!

இனி, உடன் போகாதவள். அவளைப் படவேட்டிலேயே வைத்துப் பார்ப்போம். ஆரணி வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றியுள்ள ஊர்களில் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மூத்த மகன் ராணுவத்தில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாமனாரும் மருமகளும் தறியில் இருக்கிறார்கள். மாமியார் தார் சுற்றுகிறார். மகன் எட்டு மாதப் பயிற்சிக்குப் போகிறான். அங்கே வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமா என்று தொலைபேசியில் கேட்கிறான்.

வெளியார் உடனே சொல்லக்கூடும், போய்விட வேண்டியதுதானே என்று. நெசவு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குழித்தறி என்பது ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்துக்கொள்ளும் கருவியன்று. தரையில் குழி தோண்டி, கால்மிதிகளை அதற்குள் இறக்கி, மரக்கால்களை மண்ணில் ஊன்றி, வீட்டோடு வீடாக நிறுவப்பட்டது. வீட்டின் நீளமும் உயரமும்கூட அதற்கேற்பவே அமைந்திருக்கும். தறியில் ஏறியிருக்கும் பாவு சில சேலைகளுக்கானது. அது முடிய வாரங்கள் ஆகும். பாவும் ஊடைப்பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் முதலாளி கொடுத்தவை. கூலி சேலையைக் கொடுத்தபின் வருவது. முன்பணம் ஏற்கெனவே செலவாகியிருக்கும். பாதியில் நிற்கும் பாவை அறுத்துவிட்டுப் போக முடியாது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அந்தப் பிணைப்புக்கும், தெருவில் பாவு நீட்டுவதற்கும், வீட்டில் ஒரு கை குறைந்தால் கூலிக்கு ஆள் தேட வேண்டும். அவள் போனால் குறைவது ஒரு மருமகளின் துணை மட்டுமன்று. ஒரு தறியின் வருமானம்.

அவள் போகவில்லையென்றால்? எட்டு மாதம், அதற்கு முன் எல்லையில் இரண்டாண்டு, அதற்குப் பின் மறுபடி வேறெங்கோ. பிள்ளைக்குத் தந்தை லீவில் வருகிற விருந்தாளி. படித்துக்கொண்டிருப்பதால் இந்த எட்டு மாதமாவது அவன் துப்பாக்கிச் சத்தத்துக்கு வெளியே இருக்கிறான். சேர்ந்து வாழக் கிடைக்கும் அரிய காலமும் அதுவே. அதையும் விடுவதா?

இரண்டு பக்கத்திலும் இழப்பு இருக்கிறது. எந்த இழப்பைத் தாங்குவது என்பதை அந்தப் பெண்ணும் அவள் கணவனும்தான் முடிவு செய்ய முடியும். நம் குறை இங்கேதான் தொடங்குகிறது. அதிகாரியின் மனைவி கேட்கப்படாமலே கூட்டிச் செல்லப்படுகிறாள். சிப்பாயின் மனைவி கேட்கப்படாமலே விட்டுச் செல்லப்படுகிறாள். வசதியில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. கேட்கப்படாமையில் இருவரும் ஒன்று.

*

ராணுவம் என்றாலே குடும்பத்தை விட்டுப் பிரிவதுதான், அது தொன்றுதொட்ட வழக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று படைகளில் வங்கப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தைக் கங்கைச் சமவெளியின் கிராமங்களில் விட்டுவிட்டு வந்தவர்கள். சென்னைப் படையின் சிப்பாய்கள் அப்படியல்லர். அவர்கள் குடும்பத்தோடு படைக்குடியிருப்பில் வாழ்ந்தார்கள். படை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்தபோது மனைவியும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும் பின்னால் நடந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் படையிலேயே பையன்களாகச் சேர்க்கப்பட்டு அங்கேயே வளர்ந்தார்கள். ஆனால் அந்த வாழ்க்கையை நாம் அழகுபடுத்திப் பார்க்க வேண்டியதில்லை. இடம்பெயரும் செலவு பெரும்பாலும் சிப்பாயின் சொந்தக் கையிலிருந்தே போனது. கடன் அவனோடு சேர்ந்தே நடந்தது. என்றாலும் தமிழ்ச் சிப்பாய் என்றால் குடும்பத்தைத் துறந்தவன் என்ற படிமத்துக்கு அடிப்படையில்லை என்பதை அது காட்டுகிறது.

அதே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிப்பாயின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. கடல்கடந்து செல்லும் படையில் நூறு வீரர்களுக்கு ஏறத்தாழ ஆறு மனைவியரை மட்டுமே அழைத்துச் செல்லலாம். யார் அந்த ஆறு பேர் என்பது சீட்டுக் குலுக்கி முடிவானது. போகலாம் என்று எழுதிய சீட்டு வராதவள் துறைமுகத்திலேயே கணவனுக்கு விடைகொடுத்தாள்; பலருக்கு அதுவே கடைசிச் சந்திப்பு. கேட்கப்படாமைக்கு இதைவிடத் தெளிவான உருவம் வேறில்லை.

குடும்பத்தையும் பள்ளியையும் சேர்த்து வைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. கொங்கணத்தைச் சேர்ந்த சுபேதார் ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அவர் குடும்பம் மோவ் படைக்குடியிருப்பில் அவரோடு இருந்தது. அங்கேதான் 1891 ஏப்ரல் 14 அன்று பீமராவ் அம்பேத்கர் பிறந்தார். தங்கள் ஊரில் கல்வி மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தினருக்குப் படைக்குடியிருப்பின் பள்ளிகள் எழுத்தறிவின் வாசலாக இருந்தன. இன்று மோவ் நகரின் பெயரே அம்பேத்கர் நகர். படைவீட்டில் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இடம் கொடுத்ததன் விளைவு தலைமுறைகளைத் தாண்டி நீளும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சுதந்திர இந்தியாவும் இதை அறியாமல் இல்லை. 1963இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளே; அவையே இன்றைய கேந்திரிய வித்யாலயங்களின் தொடக்கம். 1983இல் ராணுவ நலக் கல்விச் சங்கம் உருவாயிற்று. திருமணமான படைவீரர்களுக்கு ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்துக்கென 2002இல் தனி அமைப்பே ஏற்படுத்தப்பட்டது. எல்லையில் இருப்பவரின் குடும்பத்துக்கென்று தனிக் குடியிருப்புகளும் உண்டு. ஆகவே அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லை என்றும் நிலையம் என்றும் இரண்டாகவே வாழ்க்கையைப் பார்க்கின்றன. நடுவிலுள்ள பயிற்சிக்காலம் இரண்டிலும் சேராமல் நழுவிவிடுகிறது.

*

எதிர்வாதங்களையும் நாம் கேட்டாக வேண்டும்.

பயிற்சியில் இருப்பவனின் கவனம் சிதறக்கூடாது, குடும்பம் உடனிருந்தால் சிதறும் என்பது முதலாவது. புதிதாகச் சேர்ந்தவனின் முதல் சில மாதங்களுக்கு இது பொருந்தலாம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் மணமாகாதவர்களையே சேர்க்கிறார்கள் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆனால் பத்தாண்டுப் பணி முடித்த ஹவில்தாருக்கு இது பொருந்துமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டுவிட்டு ஆயிரம் மைல் தொலைவில் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனின் கவனம் சிதறாதா? குடும்பத்தோடு இருப்பது கவனத்தைக் கெடுக்கும் என்றால் வெலிங்டனில் மட்டும் அது எப்படிக் கெடுக்காமல் இருக்கிறது?

செலவும் வீட்டுப் பற்றாக்குறையும் இரண்டாவது. இது உண்மையான தடை. எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் எல்லோருக்கும் வீடு கட்டிவிட முடியாது. ஆனால் இடம் இல்லை என்பதும், யாருக்கு எப்போது இடம் உண்டு என்பதை முன்கூட்டித் தெரிவிக்காமை என்பதும் வெவ்வேறு குறைகள். முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கடிதம் போதும்.

கூட்டுக்குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது மூன்றாவது. நம் ஊர்ப்பக்கம் அதிகம் கேட்கும் வாதம் இதுவே. கூட்டுக்குடும்பம் பார்த்துக்கொள்கிறதுதான். மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. தார் சுற்றியபடியே பேரனையும் பார்த்துக்கொள்ளும் மாமியாரின் உழைப்பு, நாட்டின் பாதுகாப்புச் செலவில் ஒரு பைசாவாகக்கூடப் பதிவாவதில்லை.

*

அமெரிக்க ராணுவத்தில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் 20 வாரமோ அதற்கு மேலோ நடக்கும் பயிற்சியைப் பொதுவாக இடமாற்றமாகவே கொள்கிறார்கள். குடும்பத்தை அரசுச் செலவில் அழைத்துச் செல்லலாம். அதற்குக் குறைந்தால் அது தற்காலிகப் பணி. குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். இது குறையற்ற ஏற்பாடு என்று நாம் சொல்லவில்லை. அடிக்கடி இடம்பெயர்வதால் வேலையிழக்கும் மனைவியரைப் பற்றி அங்கேயும் பல காலமாகப் புலம்பல் உண்டு. ஒரு மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமத்தைப் புதிய மாநிலமும் ஏற்க வேண்டும் என்று 2023 ஜனவரியில்தான் அங்கே கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் 20 வாரம் என்று ஓர் எண் அங்கே இருக்கிறது. குடும்பம் அந்த எண்ணை வைத்துத் திட்டமிடலாம். தொல்காப்பியம் ஓராண்டு, மூன்றாண்டு என்று வகுத்ததன் பயனும் இதுவன்றி வேறென்ன?

நம் நாட்டிலும் அரசுப் பணியிலிருக்கும் கணவனையும் மனைவியையும் இயன்றவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2009இல் அதை விரிவாக்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் இருவரும் அரசுப் பணியில் இருந்தால்தான் அதன் பயன். தறியில் உட்கார்ந்திருப்பவளுக்கு மாற்றல் ஆணை யார் கொடுப்பது?

மனைவி என்றே பேசிவருகிறோம்; கணவன் என்றும் பேச வேண்டிய காலம் இது. சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 1978இலேயே வெலிங்டன் கல்லூரியின் பயிற்சியை முடித்த முதல் பெண் அதிகாரி, விமானப்படை மருத்துவரான பத்மாவதி பந்தோபாத்யாய். தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் அவர்களில் ஆறு பேர் பணியாளர் கல்லூரிகளுக்கான போட்டித் தேர்வில் தேறினார்கள். காஷ்மீரில் 2015இல் வீரமரணமடைந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி மகாதிக், இரு குழந்தைகளின் தாய், பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2017இல் அதிகாரியானார். பயிற்சிக்குப் போகிறவள் மனைவியாக இருந்து வீட்டில் இருப்பவன் கணவனாக இருக்கும்போது, அவன் தன் தொழிலைவிட்டு உடன் போக வேண்டும் என்று யாரும் இயல்பாக எதிர்பார்ப்பதில்லை. அவனைக் கேட்கிறார்கள். அதே கேள்வியை அவளிடமும் கேளுங்கள் என்பதே நம் கோரிக்கை.

நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. முதலாவது, இத்தனை வாரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் குடும்பம் உடன் வரலாம் என்று ஓர் எண் வேண்டும். அது அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, வராதவர்களுக்கு, இருந்த வீட்டிலேயே தொடரவோ சொந்த ஊரிலேயே வாழவோ உரிய வாடகைப்படி கிடைக்க வேண்டும். தங்கிவிட்டவள் என்பதால் அவள் எதையும் இழக்கக்கூடாது. மூன்றாவது, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை எட்டு மாதத்துக்காக இந்தியும் ஆங்கிலமும் பேசும் வகுப்பில் போய் உட்கார்ந்து, மறுபடி தமிழ்வழிக்குத் திரும்பும்போது, இரண்டு பள்ளிகளும் அதைப் பொறுத்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். நான்காவது எல்லாவற்றிலும் முக்கியமானது: அவகாசம்.

அகமரபில் செலவழுங்கல் என்று ஒரு துறை உண்டு. பிரியத் துணிந்த தலைவன் புறப்படாமல் தயங்கி நிற்பது அது. அந்தத் தயக்கம் போகாமல் இருப்பதற்காக அன்று, தலைவியின் மனத்தைத் தேற்றிவிட்டுப் போவதற்காக என்று தொல்காப்பியமே விளக்குகிறது. பிரிவு நிற்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். என்றாலும் அவளோடு பேச, அவள் சொல்வதைக் கேட்க, தோழி குறுக்கே வந்து சண்டையிட அந்த மரபு நேரம் ஒதுக்கியிருந்தது. இன்றைய பயிற்சி ஆணையில் அந்த நேரம் இல்லை. ஆணை வந்த வாரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு அவகாசம் என்று கேட்டால் படவேட்டுப் பக்கத்துத் தறிவீடுகளில் அதற்கு விடை உண்டு. ஏறியிருக்கும் பாவு முடிகிற காலம். அந்தப் பாவு முடிந்தால் முதலாளியின் கணக்கு தீரும், முன்பணம் நேராகும், அடுத்த பாவு ஏற்றுவதா வேண்டாமா என்று அவள் யோசிக்கலாம். அதற்குப் பின் அவள் போகலாம், இருக்கலாம். அவளைக் கேட்டுவிட்டு எது நடந்தாலும் சரி.

தன் கணவன் கம்பணன் சம்புவராயரையும் மதுரைச் சுல்தானையும் வென்ற கதையைக் கங்காதேவி மதுரா விஜயம் என்று காவியமாகவே பாடிவைத்தாள். அவள் அரசி, அவளுக்குச் சொல்ல இடம் கிடைத்தது. அதே படையில் நடந்துபோன ஆயிரமாயிரம் பேரின் மனைவியர் என்ன நினைத்தார்கள் என்பது எந்தக் கல்வெட்டிலும் இல்லை. படைவீடு என்ற பெயர் மட்டும் தேய்ந்து மிஞ்சியிருக்கிறது. இன்றைய மனைவியர் நினைப்பதையாவது கேட்டு எழுதிக்கொள்ள ஒரு படிவமும் ஒரு பேனாவும் போதும்.